பத்தொன்பதாவது பூச்சு

ஜூன் 30, திங்கள்

அக்கா, இவ்வளவு நேரங்கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. ஈவா இப்போதுதான் அசந்தாள். பகலெல்லாம் உளிச் சத்தம், ராத்திரி இவள் சத்தம், நடுவில் எனக்குக் கிடைக்கிற நேரம் இதுதான். நீ கேட்ட மாதிரியே வேலை முடிகிற வரைக்கும் இந்த நோட்டில் எழுதி வைத்து, மொத்தமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். பிரான்சில், துலூஸில் உட்கார்ந்திருந்தாலும் வீட்டில் பாதி உன்னுடையது. என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டாமா.

ஓட்டல்காரனுக்கே கொடுத்துவிடலாம் என்று நீ சொன்னாய். “அந்த வீடு வேண்டாம் ஜெனி” என்று மூன்று தடவை சொன்னாய். ஏன் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. தெருவில் ஏற்கெனவே பாதி வீடு விடுதியாகிவிட்டது. சாயங்காலம் வாசலில் அழகாக விளக்கு எரிகிறது, ஆனால் ஒரு வீட்டிலிருந்தும் குழம்பு தாளிக்கிற வாசனை வருவதில்லை. மீதி இருக்கிற பன்னிரண்டு வீட்டையாவது இடிக்காமல், பழைய முறையிலேயே பழுது பார்த்து, ஜனங்கள் குடியிருக்கிற தெருவாக வைத்திருப்பதுதான் திட்டம். ஒரே நிபந்தனை, வேலை நடக்கும்போதும் வீட்டுக்காரர்கள் காலி பண்ணக்கூடாது. காலி பண்ணிப் போனவர்கள் திரும்பி வருவதில்லையாம். அதனால் முன்பு அம்மாவும் அப்பாவும் படுத்திருந்த உள்ளறையில் இப்போது நானும் ஈவாவும். பிரிட்டோ கப்பலிலிருந்து இறங்க செப்டம்பர் ஆகும்.

இன்று பின்கட்டுத் தொட்டியில் சுண்ணாம்பு நீற்றினார்கள். கல்லைத் தண்ணீரில் போட்டதும் அடுப்பே இல்லாமல் கொதிக்கிறது, அக்கா. புஸ்ஸென்று புகை. ஈவா என் இடுப்பிலிருந்து தாவப் பார்த்தாள். மேஸ்திரி தணிகாசலம் கையை நீட்டி மறித்தார்.

“ஏம்மா, புள்ளைய இந்தப் பக்கமே கொண்டாராதீங்க. கண்ணுல ஒரு சொட்டு பட்டாலே போச்சு. உள்ள விழுந்தா, சொல்லவே வாய் வரல.”

அது இருபது நாள் ஊற வேண்டுமாம். தொட்டி மேல் பழைய கதவு ஒன்றைப் படுக்கப் போட்டு, அதன் மேல் பத்துச் செங்கல் அடுக்கினார். எனக்கு இந்த ஒரு மாதத்துக்கு ஒரே வேலைதான். ஈவா அந்தத் தொட்டிப் பக்கம் போகக் கூடாது. மற்றதெல்லாம் எப்படி வேண்டுமானாலும் ஆகட்டும்.

ஜூலை 2, புதன்

திட்டத்தின் கட்டடக் கலைஞர் சுகிர்தா வந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள்; ஆனால் சுவரைத் தொட்டுப் பார்க்கிற விதம் டாக்டர் மாதிரி. உள்ளறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டிக் காட்டினாள். ஆப்பரேஷன் பிளேடால், படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் ஒரு பூச்சு.

நம் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கு முன்னாலும் வெள்ளையடிப்பார்கள் இல்லையா? அதெல்லாம் அப்படியே இருக்கிறது. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வருஷத்துப் புகையும் தூசியும் மெல்லிய கோடாக. லென்ஸ் வைத்தால் எண்ணலாம். கடைசிப் பூச்சு 2018, அப்பா போவதற்கு முந்தின கிறிஸ்மஸ். அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே போனால் எந்த வருஷத்துக்கு வேண்டுமானாலும் போய்ச் சேரலாம்.

“நீங்க பிறந்த வருஷத்துக்குப் போகலாமா?” என்றாள். போனோம். என் வருஷம் லேசான நீலம். அந்த வருஷம் யாரோ நீலம் அதிகமாகக் கலந்திருக்கிறார்கள். அவள் போன பிறகும் ஈவா தூங்குகிற நேரத்தில், அவள் விட்டுப்போன பிளேடால் நானே கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன். பிளேடைப் படுக்க வைத்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் இவ்வளவு அமைதியாக ஒரு வேலை செய்யவில்லை.

ஜூலை 3, வியாழன்

சுண்ணாம்புக் கலவையில் சேர்க்கக் கடுக்காயும் வெல்லமும் ஊறுகிற நாற்றம் துணியிலெல்லாம். ஈவாவுக்கு இன்னொரு பல் வந்திருக்கிறது.

ஜூலை 5, சனி

காலையில் தொட்டி மேலிருந்த செங்கல் பத்தும் கீழே இருந்தன. விழுந்து கிடக்கவில்லை. சுவரோரமாக ஐந்து ஐந்தாக அடுக்கியிருந்தது. கதவு மட்டும் அப்படியே மூடியிருந்தது.

மேஸ்திரியைக் கேட்டேன். “நேத்து சாயங்காலம் நாந்தான் வச்சேன். பூனை கீனை தட்டியிருக்கும்” என்றார்.

“பூனை அடுக்குமா?”

“உங்க தெருப் பூனைங்க பிரெஞ்சுப் பூனைம்மா, ஒழுங்காத்தான் இருக்கும்” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இரண்டு செங்கல் கூடச் சேர்த்து வைத்தார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். வேலை ஆரம்பித்தபோது அந்தத் தொட்டி வாய் வரைக்கும் மணலாம். கடற்கரை மணல், கிளிஞ்சல் கூட இருந்ததாம். “கல்லு கணக்கா இருக்குற தொட்டிய யாரும்மா மணல் போட்டுத் தூர்ப்பாங்க? புதுசா குழி வெட்டுறதுக்கு இதையே தோண்டி எடுத்துக்கிட்டோம்.” பழையதை வீணாக்காமல் பயன்படுத்தியதற்கு சுகிர்தா பாராட்டினாளாம்.

பின்கட்டுக் கதவை இன்று முதல் நானே பூட்டிச் சாவியைக் கழுத்துச் செயினில் கோத்துக்கொண்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

சுகிர்தாவுக்கும் மேஸ்திரிக்கும் சண்டை. உள்ளறைச் சுவரில் அவள் சுரண்டியது உள்ளங்கை அகலம். இன்று பார்த்தால் முறம் அளவு. அதுவும் படிப்படியாக இல்லை, கண்டபடி. கீழே, தரையில் உட்கார்ந்தால் கைக்கு எட்டுகிற உயரத்தில்.

“யாரு கை வச்சது? இது ஆவணம், மேஸ்திரி.”

“எங்க ஆளுங்க அஞ்சு மணிக்குக் கைய கழுவிட்டுப் போயிடறாங்க. எங்க மேல பழி போடாதீங்க. சிமெண்ட் கலக்குறவன் இல்ல நான், சுவத்தைக் கெடுக்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பகலில் பிளேடால் சுரண்டியது கொஞ்சம்தான். ஒரு தீப்பெட்டி அளவு இருக்குமா? அதைச் சொன்னேன். சுகிர்தா பிளேடை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது, அக்கா. ஆனால் அந்த முறம் அளவு நான் செய்ததில்லை.

யாரோ உள்ளே வருகிறார்கள். தெருக்கதவுக்குக் குறுக்குக் கட்டை போட்டாயிற்று.

ஜூலை 9, புதன்

கையெல்லாம் எரிச்சல். நகக்கண் வெடித்திருக்கிறது. புதுச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போல. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு எழுதுகிறேன், பக்கத்தில் கறை தெரிந்தால் அதுதான்.

இந்த அறையில் படுத்தால் அம்மா ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் ராத்திரி நான் இங்கே ஓடிவந்தால், அப்பா அம்மாவின் முந்தானை நுனியைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுத்திருப்பார். எத்தனை வருஷம் ஆனாலும் விடவில்லை. அவ்வளவு பாசம். பிரிட்டோவிடம் இதைச் சொன்னால், “நான் கட்டினா நீ இழுத்துக்கிட்டுப் போயிடுவ” என்பார்.

தம்பி சகாயம் காய்ச்சலில் போனது இந்த அறையில்தானா? எனக்கு அப்போது நான்கு வயது. அவன் முகம்கூட நினைவில்லை. ஈவாவுக்கு இந்த மாதம் அவன் வயதுதான், பதினான்கு மாதம்.

ஜூலை 11, வெள்ளி

இன்று நீ போனில் பேசியதை எழுதி வைக்கிறேன், மறந்துவிடாமல்.

நான் சொன்னது, “சுண்ணாம்பு நீற்றுற தொட்டி மேல வைக்கிற செங்கல் தினமும் இறங்கிக் கிடக்குதுக்கா, பயமாயிருக்கு.”

நீ சொன்னது, “அந்தத் தொட்டிய ஏன் தோண்டினீங்க?”

எந்தத் தொட்டி என்று நான் சொல்லவில்லை. வீட்டில் தொட்டி மூன்று இருக்கிறது. மணலைப் பற்றியும் சொல்லவில்லை. நான் கேட்பதற்குள் யாரோ வாசல் மணி அடிக்கிறார்கள் என்று வைத்துவிட்டாய். உன் பின்னால் மணிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 12, சனி

மூடி கனமே இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்து நோட்டைத் திறந்தேன். மேலே இருக்கிற வரியை நான் எழுதவில்லை. கையெழுத்து என்னுடையது. ‘ன’வுக்கு நான் போடுகிற அதே வால். நேற்று நான் எழுதவே உட்காரவில்லை. ஈவாவுக்குப் பால் கொடுத்தபடியே தூங்கிவிட்டேன்.

அந்த மூடி கனம்தான். பகலில் தள்ளிப் பார்த்தேன். இரண்டு கையும் வேண்டியிருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

விடிந்ததும் ஈவாவின் உள்ளங்கால் வெள்ளையாக இருந்தது. சுவர்த் தூசி என்று நினைத்துத் துடைத்தேன். தூசி இல்லை. காய்ந்து, பொருக்காக, விரலிடுக்கில். தேய்த்தால் அழுதாள். தண்ணீரில் அரைமணி நேரம் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். லேசாகச் சிவந்திருக்கிறது, புண் இல்லை. தேவமாதா காப்பாற்றினாள்.

அவள் நடப்பதில்லை, அக்கா. இன்னும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

சித்தாள் பச்சையம்மா கலவைச் சட்டியோடு உள்ளே வந்தவள், என் கையைப் பார்த்துச் சட்டியைக் கீழே வைத்தாள். அவள் கையை என் கைக்குப் பக்கத்தில் நீட்டினாள். இருபது வருஷமாகச் சுண்ணாம்பில் வேலை செய்கிற கை.

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, பாரு” என்றாள்.

“சோப்பு அக்கா.”

“சோப்பா? எந்தக் கடையில விக்கிறான், சொல்லு, நானும் வாங்கணும்.”

அவள் ஈவாவைத் தூக்கிக் காலைத் திருப்பிப் பார்த்தாள். பின்கட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். கழுத்திலிருந்து எடுத்துக் காட்டினேன். சாவியின் பல்லில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. நாங்கள் இரண்டு பேருமே அதைப் பார்த்தோம்.

“இன்னிக்கு ராத்திரி நான் இங்கதான் படுத்துக்குவேன்” என்றாள். “வீட்டுல மருமவ கத்துவா, கத்தட்டும். ஒரு பாய் இருந்தா போடு.”

எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். அறை வாசலில் குறுக்கே படுத்துக் குறட்டை விடுகிறாள். எழுத எழுதக் கண் சொக்குகிறது. தூங்கக் கூடாது என்று காபி குடித்தேன், இரண்டு தடவை

ஜூலை 16, புதன்

பச்சையம்மா சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். காலையில் சுகிர்தாவையும் மேஸ்திரியையும் நிற்க வைத்துக்கொண்டு சொன்னாள். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டே நின்றார்.

“மொதல்ல சுவத்துகிட்ட உக்காந்துச்சு. நகத்தால சுரண்டிக்கிட்டே இருந்துச்சு, எலி கணக்கா. கூப்பிட்டேன், திரும்பல. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. அப்புறம் எழுந்து புள்ளைய இடுப்புல வச்சுக்கிச்சு. புள்ள அழல, பழகின மாதிரி தோள்ல சாஞ்சுக்கிச்சு. என்னைத் தாண்டித்தான் போச்சு. பூட்டைத் தொறந்துச்சு. செங்கல்ல ஒண்ணொண்ணா எடுத்து அடுக்குச்சு, சத்தமே இல்லாம. கதவை இழுத்துட்டு, கைய விட்டுப் பாத்துச்சு.”

“பார்த்து?” என்றாள் சுகிர்தா.

பச்சையம்மா என்னைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்கிற மாதிரி. நான் தலையை ஆட்டினேன்.

“தண்ணி வெதுவெதுப்பாத்தான் இருக்கு, தம்பிய குளிப்பாட்டிடலாம்னு சொல்லுச்சு. புள்ள கால மெதுவா எறக்குச்சு. நான் போயி ‘குடும்மா, நான் குளிப்பாட்டறேன்’னேன். குடுத்துடுச்சு. சண்டை போடல. வந்து படுத்துக்கிச்சு.”

தம்பி. ஈவாவை நான் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

எனக்கு ஒன்றுமே நினைவில்லை என்று சொன்னேன். யாரும் அதை மறுக்கவில்லை. பச்சையம்மா மட்டும் என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் புடவையில் கடுக்காய் நாற்றம்.

ஜூலை 17, வியாழன்

ஈவா நேற்றிலிருந்து பச்சையம்மா வீட்டில். பகலில் கொண்டுவந்து பால் குடிக்க வைத்துவிட்டு, கூடவே உட்கார்ந்திருந்து, தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். மேஸ்திரி நான்கு ஆளை வைத்து ஒரே நாளில் சுண்ணாம்பு முழுவதையும் பீப்பாய்களில் அள்ளி, எதிர்வீட்டு வண்டிக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டார். தொட்டியை என்ன செய்ய என்று கேட்டார். “மணல் போட்டுடுங்க” என்றேன். அவர் வண்டி சொல்லப் போனார்.

நான் வீட்டை விட்டுக் கொஞ்ச நாள் போய் இருக்கலாம், நிபந்தனையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள் சுகிர்தா. நாளைக்கு அவள் வீட்டுக்குப் போகிறேன். அதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று அவளிடம் லென்ஸைக் கேட்டேன். கொடுக்கவில்லை. அவளே மண்டிபோட்டு உட்கார்ந்து பார்த்தாள், நான் சுரண்டிய இடத்தை.

ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, “ஜெனிட்டா, இங்க ரெண்டு பேரோட கீறல் இருக்கு” என்றாள்.

மேலே இருப்பது என்னுடையது. நான் சுரண்டி எடுத்த பூச்சுகளுக்குக் கீழே, அதே உயரத்தில், நான்கு நான்கு கோடாக, இன்னொரு கையின் நகக்கீறல். அதன் மேல் பிறகு வெள்ளையடித்து, அதன் மேல் அடித்து, மூடியிருக்கிறார்கள். நான் பகலில் சுரண்டிய தீப்பெட்டி இடம் இதற்கு ஒரு சாண் மேலே. அங்கே கீறல் எதுவும் இல்லை. எனக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை, அக்கா. ஆனால் என் கை நேராக அங்கே போயிருக்கிறது.

எண்ணச் சொன்னேன். இரண்டு தடவை எண்ணினாள். மேலிருந்து பத்தொன்பதாவது பூச்சு கீறல் மேல் முழுசாக ஓடுகிறது. இருபதாவது கிழிந்திருக்கிறது. கடைசிப் பூச்சு 2018 என்றால் பத்தொன்பதாவது 2000-ம் வருஷத்துக் கிறிஸ்மஸ். அதற்கும் முந்தின கிறிஸ்மஸுக்கும் நடுவில் யாரோ இந்தச் சுவரடியில் உட்கார்ந்து சுரண்டியிருக்கிறார்கள்.

சகாயம் போனது 2000 ஆகஸ்டில். கல்லறையில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

சுகிர்தா லென்ஸை மூடி வைத்தாள். “இதை வரைபடத்துல குறிக்கட்டுமா, இல்ல விட்டுடட்டுமா?” என்று கேட்டாள். குறிக்கச் சொன்னேன். இந்த வீட்டில் மூடினதெல்லாம் போதும்.

ஜூலை 18, வெள்ளி

சுகிர்தா வீட்டிலிருந்து எழுதுகிறேன். அவள் அம்மா அறைக்கு வெளியே தாழ் போட்டிருக்கிறார். நான்தான் போடச் சொன்னேன். போடும்போது “தப்பா எடுத்துக்காதம்மா” என்று இரண்டு தடவை சொன்னார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரத்தில் முதல் தடவையாகப் பயமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். மார்பு கட்டிக்கொண்டு வலிக்கிறது. ஈவா இந்நேரம் எழுந்து தேடியிருப்பாள். பச்சையம்மாவின் மருமகள், கத்துவாள் என்றாளே அவள்தான், ஈவாவைத் தன் பிள்ளையோடு சேர்த்துத் தூளியில் ஆட்டுகிறாளாம். தன்னோடேயே வைத்துக்கொள்கிறேன் என்கிறாளாம்.

பிரிட்டோவுக்குச் செய்தி அனுப்பினேன். கப்பல் எங்கேயோ நடுக்கடலில் இருக்கிறது. பதில் இல்லை.

வீட்டு வேலை நிற்காது. மேஸ்திரி உள்ளறையை மட்டும் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன் என்றார். கூடம் பாதி முடிந்துவிட்டது. நேற்று வெயில் பட்டபோது சுவர் முட்டை ஓடு மாதிரி மின்னியது. நீ பார்த்தால் உனக்குப் பிடிக்கும். பிடிக்காமலும் போகலாம். எனக்கு அது இப்போது தெரியவில்லை.

அக்கா, நான் உன்மேல் குற்றம் சொல்ல இதை அனுப்பவில்லை. அந்த ஆகஸ்டில் உனக்குப் பதினாறு வயது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லியிருப்பார், நீயும் இருபத்தைந்து வருஷமாகச் சொல்லாமல் இருந்திருக்கிறாய். அப்பா ஏன் அம்மாவின் முந்தானையை மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுத்தார் என்று இப்போது தெரிகிறது. அம்மாவை எனக்குப் பிடிக்கும். இனிமேலும் பிடிக்கும். நீ என்ன சொன்னாலும் அது மாறாது. பயப்படாதே.

திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறோம். பிரசவத்துக்குப் பிறகு குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்பார்களாம், சுகிர்தா விசாரித்துவிட்டாள். அதற்கு நான் என்ன சொல்வது? எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். வீட்டைப் பற்றி எழுத வேண்டாம். அம்மாவுக்கு என்ன ஆனது, அன்றைக்குத் தொட்டியருகில் யார் இருந்தார்கள், அதை மட்டும் எழுது. திங்கள் பத்து மணிக்குள் பதில் போடு.